கேட்டுக்கு வெளியே நிற்கும் ஷெவி

கல்யாணமான அன்றைக்கே சுலேமா மதம் மாற வேண்டியிருந்தது. சாமி அதேதான், கோயில் அதேதான். மாறியது கார். அவள் பிறந்தது ஷெவர்லே வீடு, புகுந்தது ஃபோர்டு வீடு. அர்ஜென்டினாவில் எங்கள் எல் கார்தால் ஊரில் இந்த இரண்டில் ஒன்றாக இல்லாத குடும்பமே கிடையாது. கார்ப் பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை ஒரே ரேடியோவைச் சேர்ந்து கேட்க முடியாமல் ஆளுக்கொரு அறைக்குப் போன அண்ணன் தம்பிகள் உண்டு. சுலேமாவின் அப்பா மகள் கல்யாண விருந்துக்கு வந்தபோது தன் ஷெவர்லே பிக்கப்பைத் தெருமுனை யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்திவிட்டு, காலரெல்லாம் புழுதியாக நடந்துதான் வந்தார். சம்பந்தி வீட்டு கேட்டுக்குள் ஷெவர்லே நுழையக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று யாரும் கேட்டதில்லை. நீ எந்தப் பக்கம் என்று சுலேமாவையும் யாரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் எடெல்மிரோ கூட்டுறவுச் சங்கத்தில் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் அறுபதுகளில் வந்த நீல நிற ஃபோர்டு ஃபால்கன். அந்தக் காருக்குச் செய்த சீராட்டை அவர் பெற்ற பிள்ளைக்குச் செய்திருந்தால் வீட்டில் இத்தனை மனக்கசப்பு வந்திருக்காது. பழைய எஞ்சினைக் கழற்றிப் பின்னால் வந்த பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் மூன்றை வைத்தார். சீட்டுகளுக்குச் சுலேமாவே உறை தைத்தாள். "முன் பம்பர்ல இருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரு நட்டுகூட வேத்து ரத்தம் கிடையாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார்.

ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் செய்தார், நிற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. சக்கரத்தில் இருந்தது பழைய டிரம் பிரேக். முதலில் இருந்த எஞ்சினுக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதைக் கழற்றியது அவர். பின்னால் வந்த ஃபால்கனின் டிஸ்க் பிரேக் கிடைத்தால் மாட்டலாம் என்று பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்தார். கிடைத்ததெல்லாம் தேய்ந்ததும் விரிசல் விட்டதும்தான். "எங்கிட்ட ஷெவர்லே டிஸ்க் இருக்குப்பா, பட்டறையில ஒரு அடாப்டர் கடைஞ்சு தரேன்" என்று மகன் லிவியோ ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

லிவியோவின் குற்றம் வேறொன்றுமில்லை. தன் சொந்தச் சம்பாத்தியத்தில் முதல்முதலாக ஷெவி என்கிற ஒரு பழைய வெள்ளை ஷெவர்லே கூபே, இரண்டு கதவுக் கார், வாங்கினான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அம்மா கையால் சாப்பிட வருகிறவன், தாத்தா நிறுத்திய அதே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். அப்பாவும் மகனும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், கோதுமை விலையைப் பற்றிப் பேசுவார்கள். கார் என்ற சொல் மட்டும் மேசைக்கு வராது.

போன குளிர்காலத்தில் சதுக்கத்தருகே ஃபால்கன் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக, பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோஜாச் செடிக்குள் குதித்தார். ஊரே சிரித்தது. அடுத்த மாதம் ரயில்வே கேட்டில் நடந்ததற்குத்தான் யாரும் சிரிக்கவில்லை. சரக்கு ரயில் ஊதிக்கொண்டு வருகிறது. எடெல்மிரோ பிரேக்கின் மேல் ஏறியே நிற்கிறார். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. ரயில் கடந்த காற்றில் பானெட் நடுங்கியதைச் சுலேமா பார்த்தாள்.

"நின்னுச்சுல்ல?" என்றார் எடெல்மிரோ.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த மனுசன் இந்தக் காரிலேயே சாகப் போகிறார். தான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை.

வழியைக் காட்டியது அவருக்கு வந்த குடலிறக்கம். எஞ்சினைத் தனியாகத் தூக்கிப் பார்த்ததில் வந்த வினை. நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுக்க வைத்ததும் சுலேமா மகனுக்குப் போன் போட்டாள்.

"லிவியோ, அந்த ஷெவி பிரேக் இன்னும் இருக்கா?"

"அம்மா, அவருக்குத் தெரிஞ்சா உன்னையும் என்னையும் சேத்துத் தெருமுனையில நிறுத்திருவாரு."

"நிறுத்தட்டும். உயிரோட இருந்து நிறுத்தட்டும்."

சனிக்கிழமை காலையில் வந்தான். சாக்கில் கனமாக எதையோ சுமந்துகொண்டு மரத்தடியிலிருந்து நடந்தே வந்தான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"ஏன்டா, அவர்தான் இல்லையே, வண்டிய உள்ள கொண்டாந்தா என்ன? கேட்டு உன்னைக் கடிக்குமா?"

"வேணாம்மா. அவர் இல்லாத நேரம் பாத்து நுழைஞ்சா திருட்டு மாதிரி ஆயிரும். அவரே திறந்தா வரேன்."

"அவர் திறப்பாரு, நீ தாத்தா ஆன பிறகு" என்றாள் சுலேமா.

இரண்டு நாள் கொட்டகையிலேயே கிடந்தான். ஸ்பேனர் ஓசை, சம்மட்டி ஓசை, நடுநடுவே ஒரு கெட்ட வார்த்தை. சுலேமா எங்கள் ஊர் டீயான மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கறுத்த விரலோடு வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். பட்டறையில் கடைந்து கொண்டுவந்த அடாப்டர் ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் உட்கார்ந்தபோது அவன் சிரித்த சிரிப்பு அப்படியே அப்பனுடையது. இந்த ரெண்டு கழுதைகளும் ஒரே கொட்டகையில் வேலை செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் பார்த்தால், சக்கரத்தை மாட்டுவதற்கு முன், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு?"

"சும்மாதான். ஷெவி சாமான்னு கண்ணுக்குத் தெரியக் கூடாதுல்ல."

"உன் வண்டிக்கு இது வேணாமாடா?"

"எங்கிட்ட வேற செட் இருக்கும்மா" என்றான், தலை நிமிராமல்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பிற்பாடு, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை நினைத்து நினைத்து மாரில் அடித்துக்கொண்டாள். புருஷனைப் பற்றிய பயம் தீர்ந்த சந்தோஷத்தில் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

எடெல்மிரோ வீடு திரும்பியபோது எங்கள் பக்கத்து டிசம்பர் கோடை வெக்கை ஆரம்பித்துவிட்டது. கோதுமை முற்றி, லாரிகள் இரவு பகலாகச் சாலையில் ஓடத் தொடங்கின. கனம் தூக்காதே, கார் ஓட்டாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலாவதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அவர் பிழைத்து வந்ததைக் கொண்டாட ஃபோர்டு சிநேகிதர்கள் ஞாயிறன்று வீட்டிலேயே இறைச்சி சுடுவதாக ஏற்பாடு. கறிக்கடை பவுடிலியோ காலையிலேயே வந்து முற்றத்தில் விறகை மூட்டிவிட்டான். லிவியோவும் வழக்கம்போல மதியத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சாவியை எடுத்தார் எடெல்மிரோ.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"ரொட்டிக் கடை என்ன, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். நீயும் வா, என் கையப் பிடிச்சுக்க."

சுலேமா ஏறிக்கொண்டாள். ஏறாமல் என்ன செய்வாள்? ரொட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக்கின் மேல் இருந்த அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட்டருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. எடெல்மிரோ பழக்கப்படி காலை ஊன்றி மிதித்தார். கார் சொன்ன இடத்தில் நின்றது. இடப்பக்கம் இழுக்கவில்லை, வலப்பக்கம் இழுக்கவில்லை. சுலேமாவின் மடியிலிருந்த காலிக் கூடை மட்டும் பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது.

நாய் போய்விட்டது. அவர் அசையவில்லை. பெடலை மெதுவாக ஒருமுறை அழுத்தினார், விட்டார், மறுபடியும் அழுத்தினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் கியரைப் போட்டார். ரொட்டிக் கடைக்குப் போகாமலே திரும்பினார்.

கொட்டகைக்கு வந்ததும் ஜாக்கியை இழுத்தார். "தையல் பிரிஞ்சுரும், ஏ மனுசா!" என்று கத்தியபடி அவளே ஜாக்கியைப் பிடுங்கித் தூக்கினாள். நட்டைக் கழற்ற ஸ்பேனரையும் அவளே காலால் மிதித்தாள். சக்கரம் வந்தது.

"யாரைக் கேட்டு?" என்றார்.

"யாரையும் கேக்கல. நீ செத்தா நான் யாரைக் கேக்கிறது? அந்த ரயில் போனப்ப என் குலை நடுங்குச்சே, உனக்குத் தெரியுமா? நின்னுச்சுல்லன்னு கேட்ட. எனக்கு நின்னது என் மூச்சு. நாப்பது வருஷமா ஃபோர்டுக்காரியா இருந்தேன்ல, ஒரு பிரேக்குக்கு உரிமை இல்லையா எனக்கு?"

அவர் குனிந்து காலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்தால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். கீழே சிவப்புத் தெரிந்தது.

"சுலேமா" என்றார். குரல் மாறியிருந்தது. "இது அவன் வண்டியில இருந்த பிரேக்."

"வேற செட் இருக்குன்னானே..."

"பொய். சிவப்பு அடிச்சது அவன் வண்டி. இந்தா பாரு, இந்த போல்ட்டு தலையில ஒரு வெட்டு. இது அவன் வலது முன்சக்கரத்துல இருந்தது."

அவருக்கு எப்படித் தெரியும் என்று சுலேமா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் மகன் சாப்பிட உட்கார்ந்ததும் "சிகரெட் வாங்கிட்டு வரேன்" என்று இந்த மனுசன் கிளம்புவார். சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது. சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருக்கிறாள், யூகலிப்டஸ் மரத்தடியில் அறுபது வயது ஆள் ஷெவிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக் கிடப்பதை. ஒருநாளும் மகனிடம் சொன்னதில்லை. அப்பனின் மானமாயிற்றே என்று மூடி வைத்தாள். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அப்ப அவன் வண்டியில என்ன இருக்கு?" என்றாள்.

"அவன் கொட்டகையில பழைய ஷெவர்லே ஒண்ணு பாகம் பாகமா கிடக்கு. அதோட டிரம்மை மாட்டியிருப்பான். அந்த எஞ்சினுக்கு டிரம்மு! அடே மடையா, அடே மடையா!"

அந்த எஞ்சினுக்கு டிரம்மா என்றுதான் ஃபால்கனைப் பார்த்து ஊரே அவரிடம் சொன்னது. அது அவருக்கு அப்போது நினைவு வந்ததோ என்னவோ.

சுலேமா போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தெற்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருண்டு கிடந்தது. முற்றத்தில் திடீரென்று குளிர்ந்த காற்று புகுந்து சாம்பலைக் கிளப்பியது. பவுடிலியோ, "அண்ணே, மழை வருது! கறியை எங்க கொண்டுபோக?" என்று கூவினான். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சக்கரத்தை மாட்டியது எப்படி, கேட்டைத் தாண்டியது எப்படி என்று சுலேமாவுக்கு ஞாபகமில்லை. லிவியோ வருகிற சாலையில் முதலில் புழுதி வந்தது, பிறகு பெரிய பெரிய துளியாக மழை. எதிரே கோதுமை லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. எடெல்மிரோ ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சுலேமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். வெள்ளை கூபே இல்லை. இதுவும் இல்லை. கடவுளே, புருஷனைக் கேட்டேன், பிள்ளையை விலையாகத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லையே என்று வாய்விட்டே புலம்பினாள்.

"வாயை மூடு" என்றார் அவர். பிறகு, "நல்லாத்தான் ஓட்டுவான். சின்ன வயசுலயே நல்லா ஓட்டுவான்" என்றார்.

ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. அதன் மறைவில், கம்பி வேலியைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது வெள்ளை ஷெவி. கரையில் லாரிக்காரரின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு லிவியோ உட்கார்ந்திருந்தான். இடது மணிக்கட்டை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தான். நெற்றியில் ரத்தம். உயிரோடு இருந்தான். சுலேமா ஈரப் புல்லில் முழங்காலோடு சறுக்கிப் போய் அவன் தலையைக் கட்டிக்கொண்டாள்.

"பாலத்துல முன்னாடி போன லாரி சட்டுனு நின்னுச்சு" என்றான். "நான் மிதிச்சேன், பிடிக்கவே இல்ல. லாரி மேல மோதாம இருக்க வேலிப் பக்கம் திருப்பிட்டேன்." பிறகுதான் அம்மாவின் பின்னால் நின்றவரைப் பார்த்தான். "கோவப்படாதீங்கப்பா. அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க."

"யாருடா உங்கிட்ட கேட்டா? யாரு கேட்டா உன் பிரேக்க?" எடெல்மிரோ கத்தினார். மழையில் தொண்டை கிழியக் கத்தினார். "நான் கிழவன்டா! எனக்கு நிக்காட்டி என்ன? உனக்கு நிக்கணும்ல!"

"உங்களுக்கும்தான் நிக்கணும்."

அவ்வளவுதான். எடெல்மிரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. லாரிக்காரர் நல்ல மனுசன், தன் டயரில் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

கை முறிந்திருந்தது. இந்த அறுவடையில் இனி அவன் இயந்திரம் ஓட்ட முடியாது. வருஷத்துக்கு அதுதான் அவன் பிழைப்பு. அதெல்லாம் பிறகு. முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லாரிக்காரர் தன் வண்டியால் ஷெவியைச் சாலைக்கு இழுத்துவிட்டு, வளையாத கனத்த இழுவைக் கம்பி ஒன்றையும் கொடுத்தார். முன்சக்கரம் உருண்டது. எஞ்சின் செத்துப்போயிருந்தது.

"இங்கயே விட்டுட்டுப் போலாம்ப்பா" என்றான் லிவியோ.

"விட்டா ராத்திரிக்குள்ள கழட்டி வித்துருவானுக." எடெல்மிரோ கம்பியின் ஒரு முனையை ஃபால்கனின் பின்னால் மாட்டச் சொன்னார், மறு முனையை ஷெவியின் முன்னால். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். "இவனுக்கு ஒரு கைதான் இருக்கு. எனக்கு முன்னாடி வேலை. பின்வண்டியை நீதான் பிடிக்கணும்."

சுலேமா ஷெவியில் ஏறினாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பாவின் பிக்கப்பை ஓட்டியதுதான் கடைசி. பக்கத்தில் லிவியோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பி இழுத்தது, சக்கரம் உருண்டது. வழியெல்லாம் ஷெவியை நிறுத்தியது அதன் பிரேக் அல்ல. முன்னால் அவர் மிதிக்க, கம்பி தடுக்க, இரண்டு வண்டியும் சேர்ந்தே நின்றன. ஒவ்வொரு முறை நின்றபோதும் சுலேமாவுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் வீடு. மழை விட்டிருந்தது. பவுடிலியோவும் சிநேகிதர்களும் கறியைத் தகரத்தின் அடியில் காப்பாற்றி வைத்துவிட்டு கேட்டருகே நின்றிருந்தார்கள். நீல ஃபால்கன் வளைவில் திரும்புகிறது. பின்னால் மூக்கு நசுங்கிய ஷெவி. பவுடிலியோவால் தாங்க முடியவில்லை.

"ஃபோர்டு இழுக்குது, ஷெவி வருது! அண்ணே, இதைப் பாக்கத்தான்யா இத்தனை நாள் உயிரோட இருந்தோம்!" தட்டில் கரண்டியால் அடித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விசில் வேறு.

லிவியோ கண்ணை மூடிக்கொண்டான். சுலேமாவுக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கிப் பவுடிலியோவின் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது.

எடெல்மிரோ பிரேக்கை மிதித்தார். இரண்டு காரும் ஒரு சத்தமில்லாமல் கேட்டின் நேரே நின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"முடிஞ்சுதா?" என்றார். "இழுத்தது ஃபோர்டு. சரி. நிறுத்தினது எதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஃபால்கனின் முன்சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"குனிஞ்சு பாருங்க. பவுடிலியோ, உன்னைத்தான், குனி. என் முன்சக்கரம் ரெண்டுலயும் ஷெவர்லே பிரேக். என் மகன் தன் வண்டியில இருந்து கழட்டி என் வண்டியில மாட்டினான். அதனாலதான் அவன் பள்ளத்துல கிடந்தான், நான் உங்க முன்னாடி நிக்கிறேன். இப்ப தட்டுங்க தட்டை."

கரண்டி பவுடிலியோவின் கையிலேயே இருந்தது. தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டைத் திற" என்றார் எடெல்மிரோ.

பவுடிலியோ வழக்கமாகத் திறக்கிற ஒரு கதவைத் தள்ளினான்.

"ரெண்டும். ரெண்டு வண்டி வருதுல்ல."

மற்றக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. பவுடிலியோ உதைத்தான், இன்னொருவன் வந்து உதைத்தான். எடெல்மிரோ பின்வண்டியின் ஜன்னலருகே வந்தார். மகனின் முறிந்த கையைப் பார்த்தார், தொடவில்லை. "இத உள்ள விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி" என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"ஷெவர்லேக்காரி, ஸ்டீயரிங்கை நேராப் பிடி. தூண்ல இடிச்சுராத."

"நாப்பது வருஷம் கழிச்சுத்தான் கேக்கத் தோணிச்சா உனக்கு, நான் எந்தப் பக்கம்னு?" என்றாள் சுலேமா.

அவர் போய் ஃபால்கனில் ஏறினார். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தது. கம்பி இழுத்தது. அப்பா புழுதியோடு நடந்துவந்த அந்த வழியில், சுலேமா ஷெவர்லேயை உள்ளே கொண்டுபோனாள்.